நுங்கு வண்டி முதல் மெய்ப்பு வரை: சிறுவர் கதை எழுதுவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நுங்கு வண்டிப் பந்தயத்தைப் பற்றி ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு கதை எழுத வேண்டும் என்று தொடங்கினேன். எழுதி முடித்தபோது அது பசியெடுத்த ஓர் ஆட்டின் கதையாக ஆகியிருந்தது. பந்தயத்தில் யார் முதலில் வந்தார் என்பதே அதன் கடைசி வடிவத்தில் இல்லை. சிறுவர்களுக்கு எழுதுகிற பலருக்கும் இப்படி ஓர் அனுபவம் இருக்கும். பெரியவர்களுக்கான சிறுகதையும் எழுத்தாளரின் கையை மீறிப் போவதுண்டு என்றாலும், அங்கே படிப்பவர் ஓரளவு பொறுமையாகப் பின்தொடர்ந்து வருவார். பிள்ளைகளோ கதை உயிரிழக்கும் இடத்திலேயே எழுந்து விளையாடப் போய்விடுவார்கள் என்பதால், அவர்களுக்கு எழுதுகிறவர் தன் திட்டத்தை எந்தப் பக்கத்திலும் கைவிடத் தயாராக இருக்க வேண்டியிருக்கிறது. அப்படித் தயாராக இருப்பது எப்படி என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப் போகிறேன். ஆறு முதல் பத்து வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தமிழில் எழுதப்படும் சிறுகதைகளையும் படப் புத்தகங்களையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். பதின்பருவத்தினருக்கான நாவலுக்கு வேறு கணக்குகள் உண்டு.

முதல் படி: வயதை முடிவு செய்யுங்கள்

'சிறுவர்களுக்காக' என்று பொதுவாக நினைத்துக்கொண்டு எழுதப்படும் கதை பெரும்பாலும் எந்தச் சிறுவனுக்கும் பொருந்துவதில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஆறு வயதுப் பிள்ளைக்கும், ஒரே மூச்சில் நாற்பது பக்கம் படித்துவிடுகிற பத்து வயதுப் பிள்ளைக்கும் இடையில் இருப்பது நான்கு ஆண்டு இடைவெளிதான் என்றாலும், அவர்கள் கதையிலிருந்து எதிர்பார்ப்பவை முற்றிலும் வேறு. தமிழ்நாடு அரசின் பள்ளிக் கல்வித்துறை நடத்தும் வாசிப்பு இயக்கம் தன் சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளாகப் பிரித்திருப்பதன் காரணமும் இதுதான். பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற சிறுவர் கதை இணையதளத்திலும் நான்கு நிலைகள் உண்டு: முதல் நிலைக்கு 250 சொற்களுக்குள், இரண்டாம் நிலைக்கு 600 வரை, மூன்றாம் நிலைக்கு 1,500 வரை, நான்காம் நிலைக்கு அதற்கு மேல்.

இந்த எண்களைத் தமிழுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் மொழியில் உருபுகளும் துணைவினைகளும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் சொற்களின் எண்ணிக்கை குறைவாகவும், ஒவ்வொரு சொல்லின் நீளம் மிகுதியாகவும் இருக்கும். 'ஓடிக்கொண்டிருந்தவர்களுக்கிடையில்' என்பது கணினியின் கணக்கில் ஒரே சொல். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளையின் கணக்கில் அது பதினெட்டு எழுத்துகள், அவற்றில் ஆறு மெய்யெழுத்துகள். ஆகவே ஆறு, ஏழு வயதினருக்கு எழுதும்போது நான் சொற்களை எண்ணுவதோடு நிறுத்துவதில்லை; எட்டு எழுத்துகளுக்கு மேல் நீளும் சொற்களை அடிக்கோடிட்டு, அவற்றில் பாதியையாவது உடைக்கவோ மாற்றவோ முடிகிறதா என்று பார்க்கிறேன்.

வயதை முடிவு செய்த பிறகு, அந்த வயதில் உங்களுக்குத் தெரிந்த ஒரே ஒரு பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளை எதற்குச் சிரிக்கும், எதைக் கேட்டால் முகத்தைச் சுளிக்கும், எந்தச் சொல்லை இன்னும் தப்பாகச் சொல்லும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் சொந்தப் பிள்ளையாக இல்லாமல் இருப்பது நல்லது, ஏனென்றால் நம் பிள்ளை எதைச் சொன்னாலும் அது நமக்கு அழகாகவே தோன்றும்.

இரண்டாம் படி: விதையைக் கண்டெடுப்பது

கதைக்கான விதை பெரும்பாலும் ஒரு கருத்தாக வருவதில்லை. ஒரு காட்சியாகவோ, ஓசையாகவோ, பிள்ளைகள் கேட்ட பதில் சொல்ல முடியாத கேள்வியாகவோ, அவர்களுக்கு நடந்த சிறு அநியாயமாகவோ வரும். வரிசையில் முன்னால் நின்றவனைப் பின்னால் அனுப்பிவிட்டார்கள் என்பது பெரியவர்களுக்கு ஒன்றுமில்லை. எட்டு வயதில் அது ஒரு நாள் முழுவதும் நெஞ்சை அடைக்கும் விஷயம். இவற்றை எழுதிவைக்க ஒரு சிறு குறிப்பேடு போதும். எழுதும்போது விளக்கம் சேர்க்காதீர்கள். கண்டதை மட்டும் ஒரு வரியில் எழுதுங்கள்.

'சுற்றுச்சூழல் விழிப்புணர்வு', 'நேர்மையின் அவசியம்' போன்ற தலைப்புகளாக மனத்தில் தோன்றுபவற்றை அந்தக் குறிப்பேட்டில் சேர்க்க வேண்டாம். அவை கட்டுரைக்கோ பேச்சுப் போட்டிக்கோ உதவும். கதைக்கான விதை முளைக்குமா என்று பார்க்க எனக்கு ஒரே சோதனைதான் உண்டு: இதில் யாருக்காவது இந்த நிமிடமே ஏதாவது வேண்டுமா? மேல் அலமாரியில் இருக்கும் தகர டப்பாவைத் தொட வேண்டும், மழை விடுவதற்குள் காகிதக் கப்பலைத் தெருமுனை வரை ஓட்டிவிட வேண்டும் என்று பிள்ளையின் கைக்கு அடங்குகிற ஆசை ஒன்று இருந்துவிட்டால், உலகைக் காப்பாற்றும் வீரர் யாரும் தேவைப்படமாட்டார்.

என் விதை ஒரு சித்திரை மாத மதியத்தில் கிடைத்தது. நுங்கு தின்று முடித்த பிள்ளைகள், நுங்கு எடுத்த காய்கள் இரண்டைப் பொறுக்கியெடுத்து, ஒரு குட்டைக் குச்சியின் இரு முனைகளிலும் அவற்றைச் செருகி, அந்தக் குச்சியின் நடுவில் ஒரு நீண்ட கவைக்கம்பை வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். ஒருத்தியின் வண்டியில் ஒரு காய் பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருந்ததால், வண்டி நேராகப் போகாமல் ஒரு பக்கமாகவே வளைந்து வளைந்து போனது. குறிப்பேட்டில் நான் எழுதியது இவ்வளவுதான்: 'ஒரு சக்கரம் பெரிது. வண்டி வட்டமடிக்கிறது. அவள் விடவில்லை.'

மூன்றாம் படி: முடிவைத் தீர்மானிக்காமல் முதல் வரைவை எழுதுவது

முதல் வரைவுக்கு முன்னால் ஒரு திட்டம் வைத்துக்கொள்வதில் தவறில்லை. என்னிடமும் ஒன்று இருந்தது: செல்வி என்ற பெண், கோணல் வண்டியை வைத்துக்கொண்டு, வளைவுகள் மிகுந்த தெருவில் நடக்கும் பந்தயத்தில் தன் புத்திக்கூர்மையால் வெல்கிறாள். காகிதத்தில் பார்க்க ஒழுங்கான கதையாகத்தான் தெரிந்தது. மூன்றாம் பக்கத்தில் செல்வி தண்ணீர் குடிக்க வீட்டுக்குள் போக வேண்டியிருந்தது; வண்டியைச் சுவரில் சாய்த்துவைத்தாள்; அந்தச் சுவர் வெறுமையாக இருக்கிறதே என்று, பக்கத்தில் ஓர் ஆட்டைக் கட்டிவைத்தேன். எழுதிய கை அங்கேயே நின்றுவிட்டது. நுங்கு எடுத்த காயை ஆட்டுக்கும் மாட்டுக்கும் வெட்டிப் போடுவது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். கண்ணெதிரே இருக்கும் சக்கரத்தை அந்த ஆடு தின்னாமல் விடுமா?

இரண்டு நாள் ஆட்டை அவிழ்த்து வேறு இடத்துக்கு அனுப்பப் பார்த்தேன். கயிற்றின் நீளத்தைக் குறைத்தேன், தூங்கவைத்தேன், ஒரு முறை ஆட்டையே நீக்கிவிட்டு அங்கே ஒரு மிதிவண்டியை நிறுத்தினேன். ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கம் செத்துப்போனது. மூன்றாம் நாள் ஆட்டை அதன் விருப்பத்துக்கு விட்டேன். அது சக்கரத்தைத் தின்றது. என்னுடைய பந்தயத் திட்டமும் அதோடு போயிற்று.

இந்த நிலையில் உங்களுக்கு உதவக்கூடிய நடைமுறைகளைச் சொல்கிறேன். முதல் வரைவை ஓரிரு அமர்வுகளில் முடித்துவிடுங்கள். நாள்கணக்கில் இழுத்தால் உங்களுக்குள் இருக்கும் ஆசிரியர் விழித்துக்கொண்டு ஒவ்வொரு வரியையும் திருத்தத் தொடங்கிவிடுவார். பின்னால் போய்த் திருத்தாதீர்கள். பெயரோ தகவலோ தெரியாத இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே போங்கள். திட்டத்தைத் தனித் தாளில் எழுதி மேசையின் மறுமுனையில் வையுங்கள். அது கண்ணெதிரே இருந்தால் அதற்கே கீழ்ப்படிந்துகொண்டிருப்பீர்கள். திட்டத்தில் இல்லாத ஒன்று கதைக்குள் நுழைந்தால், அதை வெளியேற்றும் முன் ஒரு பக்கமாவது அதற்குக் கொடுத்துப் பாருங்கள். அந்தப் பக்கம் சவலையாக இருந்தால் நீக்கிவிடலாம். உங்களுக்கு நட்டம் ஒரு தாள். எழுதுகிற உங்களுக்கே அடுத்து என்ன என்று அறிய ஆவல் எழுந்தால், அதைப் பின்தொடர்ந்து போவதைத் தவிர வேறு நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

நான்காம் படி: கதை நின்றுவிட்டால்

நின்றுபோகும். பெரும்பாலும் நடுவில், முதல் சிக்கல் வந்து கொஞ்ச நேரம் கழித்து நிற்கும். சக்கரத்தை ஆடு தின்ற பிறகு செல்வி என்ன செய்வாள் என்று எனக்கு ஒரு மாதம் வரை தெரியவில்லை. தாத்தா வந்து புதுச் சக்கரம் செய்துகொடுத்தார் என்று எழுதி முடித்திருந்தேன், அது பொய்யான முடிவு என்பது தெரிந்தே.

முதலில், கதை கடைசியாக உயிரோடு இருந்த வரிக்குத் திரும்பிப் போங்கள். நின்ற இடத்தில் பழுது இருப்பது அரிது. இரண்டு மூன்று பத்திகளுக்கு முன்னால்தான் எங்கோ பாதை மாறியிருக்கும். அந்த வரிக்குப் பிறகு எழுதியதை எல்லாம் தனியே எடுத்துவைத்துவிட்டு, அங்கிருந்து அடுத்து நடக்கக்கூடியவை என்று பத்து நிகழ்வுகளைப் பட்டியலிடுங்கள். முதல் மூன்று எல்லோருக்கும் தோன்றுபவையாக இருக்கும். ஏழாவதற்கு மேல் வருபவற்றில் சில கிறுக்குத்தனமாக இருந்தாலும், பிள்ளைகளின் மனம் நடமாடும் இடம் பெரும்பாலும் அதுதான். அப்படியும் நகரவில்லை என்றால், கதையில் பேசாமல் நின்றுகொண்டிருக்கும் யாராவது ஒருவரின் பக்கமிருந்து ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். நான் ஆட்டின் பக்கமிருந்து எழுதினேன். அந்தப் பக்கம் புத்தகத்தில் இடம்பெறவில்லை என்றாலும், ஆட்டுக்கு அந்தச் சக்கரம் மிகவும் பிடித்திருந்தது என்பதும், இன்னொன்று இருப்பதை அது பார்த்துவிட்டது என்பதும் எனக்கு அதனால்தான் தெரியவந்தது.

இவை எதுவும் பலிக்காதபோது கதையை ஒரு மாதம் மூடிவையுங்கள். இடையில் வேறொன்றை எழுதலாம்.

ஐந்தாம் படி: நீதியை என்ன செய்வது

தமிழில் சிறுவர்களுக்கு எழுத முனைகிற யாரும் இந்தக் கேள்வியைத் தாண்டித்தான் போக வேண்டும். 'இந்தக் கதையால் நாம் அறிவது என்ன?' என்ற வரியைப் பாடநூலின் அடியில் படித்து வளர்ந்தவர்கள் நாம். கதை எழுதி முடித்ததும் கை தானாகவே அந்த வரியைத் தேடும். அறவுரைக்கு நம் மொழியில் தனியிடம் உண்டு என்பதை நான் மதிக்கிறேன். 'அறம் செய விரும்பு' என்ற ஔவையின் வரியை நான்கு வயதில் மனப்பாடம் செய்த பிள்ளைக்கு அதன் ஓசையே முதலில் இன்பம். பொருள் பிறகு, வாழ்நாளில் மெல்ல வந்து சேரும். ஆத்திசூடி அதைச் செய்துவிட்டதால் கதை அதே வேலையை மறுபடி செய்ய வேண்டியதில்லை என்பது என் கருத்து.

1947 ஜூலையில் தொடங்கிய அம்புலிமாமா இதழைப் படித்து வளர்ந்தவர்களுக்கு விக்கிரமாதித்தனும் வேதாளமும் நினைவிருக்கும். அந்தக் கதைகளின் அமைப்பைக் கவனித்தால் ஒன்று விளங்கும்: வேதாளம் கதையைச் சொல்லி முடித்துவிட்டுக் கேள்விதான் கேட்கும். பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் என்ற நிபந்தனை அரசனுக்கு மட்டுமில்லாமல் படிக்கிற பிள்ளைக்கும் பொருந்துவதால், அரசன் வாய் திறப்பதற்குள் பிள்ளை தானும் யோசித்து ஒரு தீர்ப்பை வைத்திருக்கும். இவ்வளவு பழைய, இவ்வளவு நம்பகமான முன்மாதிரி நம்மிடமே இருக்கும்போது, கடைசிப் பத்தியில் ஒரு பெரியவரைக் கொண்டுவந்து அறிவுரை சொல்லவைப்பது கதைக்கும் பிள்ளைக்கும் செய்கிற குறை.

செய்ய வேண்டியது எளிது. கடைசிப் பத்தியை நீக்கிவிட்டுப் படித்துப் பாருங்கள். கதை நிற்கிறது என்றால் அந்தப் பத்தி வேண்டாம். கடைசி இரண்டு பத்திகளை நீக்கியும் ஒரு முறை படியுங்கள். சிக்கலைத் தீர்த்துவைப்பவர் யார் என்றும் பாருங்கள்: ஆசிரியரோ தாத்தாவோ காவலரோ வந்து தீர்த்துவைத்தால், பிள்ளையின் கதையைப் பெரியவர் பறித்துக்கொண்டார் என்று பொருள். என் கதையில் அந்தத் தாத்தா அப்படித்தான் வெளியேறினார்.

நாம் சொல்லாமலே சொல்லிவிடும் நீதிகளைப் பற்றி இதைவிடக் கவலைப்பட வேண்டும். திருடன் எப்போதும் கறுப்பாக, ராஜகுமாரி எப்போதும் சிவப்பாக, பேராசைக்காரர் எப்போதும் பருமனாக, அம்மா எப்போதும் அடுப்படியில் என்று எழுதிக்கொண்டே போனால், பிள்ளைகள் அதை எந்த அறிவுரையையும்விட ஆழமாகக் கற்றுக்கொள்வார்கள். ஒவ்வொரு பாத்திரத்தையும் ஒரு முறை மாற்றிப் போட்டுப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: மொழி

பேச்சுத் தமிழிலா எழுத்துத் தமிழிலா என்ற விவாதம் சிறுவர் இலக்கியத்தில் ஓயாமல் நடக்கிறது. நான் கதை சொல்லும் வரிகளை எளிய எழுத்து வழக்கிலும், பாத்திரங்களின் பேச்சை அவர்கள் ஊரின் வழக்கிலும் எழுதுகிறேன். பள்ளியில் படிக்கக் கற்றுக்கொண்ட எழுத்து வழக்குப் பிள்ளைக்குத் தெம்பைத் தருகிறது. உரையாடல் வந்ததும் தன் வீட்டுக் குரலைக் கேட்ட மகிழ்ச்சி கிடைக்கிறது. ஆனால் வட்டார வழக்கை எழுத்தில் அப்படியே பிடிக்கப் போனால், எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை தடுமாறும். நெல்லைப் பிள்ளைக்கு எளிதான சொல் ஈரோட்டுப் பிள்ளைக்குப் புரியாமல் போகலாம், யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு இரண்டும் புதிதாக இருக்கலாம். ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு வட்டாரச் சொற்கள், அவையும் படத்தாலோ சூழலாலோ பொருள் விளங்கும்படி இருந்தால் போதும். 'கவைக்கம்பு' என்ற சொல்லை நான் விளக்கவில்லை. படத்தில் அது இருக்கிறது.

தமிழின் வாக்கிய அமைப்பில் ஒரு சிக்கல் உண்டு. வினைமுற்று கடைசியில் வருவதால், வினையெச்சங்களை அடுக்கிக்கொண்டே போனால் யார் என்ன செய்தார் என்பது வாக்கியத்தின் இறுதிவரை விளங்காது. என் முதல் வரைவில் இப்படி ஒரு வாக்கியம் இருந்தது: 'மதியத் தூக்கம் கலைந்து எழுந்து முகம் கழுவி அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு மிகுந்த மகிழ்ச்சியுடன் தன் வண்டியை எடுக்கத் திண்ணைக்கு ஓடிவந்த செல்வி, அதில் ஒரு சக்கரம் காணாமல் போயிருப்பதைக் கண்டு பெரிதும் வருத்தமடைந்தாள்.' இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் சக்கரம் காணாமல் போன செய்தி வருவதற்குள் பிள்ளை மோரிலேயே நின்றுவிடும். திருத்திய வடிவம் இது:

'செல்வி வண்டியைத் தூக்கினாள். ஒரு பக்கம் கனமாக இருந்தது. மறுபக்கம்? சக்கரத்தைக் காணோம்! சுவரோரம் ஆடு நின்றுகொண்டிருந்தது. மொறுக், மொறுக்.'

'மகிழ்ச்சியுடன்', 'வருத்தமடைந்தாள்' இரண்டும் போய்விட்டதைக் கவனியுங்கள். உணர்ச்சியின் பெயரைச் சொல்லாமல், அந்த உணர்ச்சி எழும் இடத்துக்குப் பிள்ளையை அழைத்துச்சென்றால் போதும். எல்லா வாக்கியங்களையும் இப்படி நறுக்கிவிடவும் கூடாது. ஓட்டமெடுக்கும் காட்சிக்கு நீண்ட வாக்கியம் வேண்டும், அது மூச்சு வாங்கவைக்க வேண்டும். இரட்டைக்கிளவிகளைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள்: கடகட, சலசல, மடமட, கிடுகிடு என்று இவ்வளவு ஓசைகளைச் சொற்களாகவே வைத்திருக்கும் மொழியில் எழுதுவது நமக்குக் கிடைத்த பேறு. வினைச்சொற்களிலும் இதே செல்வம் உண்டு. 'மெதுவாக நடந்தான்' என்பதற்குப் பதிலாகப் பதுங்கினான், தத்தினான், நொண்டினான், ஊர்ந்தான் ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், ஓவியருக்கும் வேலை எளிதாகும்.

ஏழாம் படி: பக்கங்களாகப் பிரிப்பது

படப் புத்தகமாக வரப்போகும் கதை என்றால் இந்தப் படியைத் தவிர்க்க முடியாது. பெரிய தாளில் அச்சிட்டு மடிப்பதால் புத்தகத்தின் பக்கங்கள் எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு என்ற மடங்குகளில் அமையும். 32 பக்கம் என்பது உலகெங்கும் பரவலான அளவு. தலைப்புப் பக்கம், பதிப்புரிமை விவரம் போன்றவை போகக் கதைக்குப் பன்னிரண்டு முதல் பதினான்கு இரட்டைப் பக்கங்கள் கிடைக்கும். எட்டு ஏ4 தாள்களை ஒன்றாக அடுக்கி நடுவில் மடித்தால் 32 பக்க மாதிரிப் புத்தகம் தயார். உங்கள் வரிகளை வெட்டி அதில் ஒட்டிப் பாருங்கள்.

ஒட்டிய உடனே இரண்டு விஷயங்கள் தெரியவரும். ஒன்று, படம் காட்டிவிடுவதைச் சொற்கள் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும் இடங்கள். 'செல்வி சிவப்புப் பாவாடை அணிந்திருந்தாள்' என்பதை ஓவியரிடம் விட்டுவிடுங்கள், நிறம் கதைக்குத் தேவையில்லாதபோது அதை அவரே முடிவு செய்யட்டும். மற்றொன்று, பக்கம் திரும்பும் கணம். வலப்பக்கத்தின் கடைசி வரி ஒரு கேள்வியை எழுப்பி, தாளைத் திருப்பினால்தான் பதில் கிடைக்கும் என்று அமைந்தால், பிள்ளையின் விரல் தானாகத் தாளின் ஓரத்துக்குப் போகும். 'சக்கரத்தைக் காணோம்!' என்பதை வலப்பக்கத்தின் அடியிலும், ஆட்டை அடுத்த பக்கத்திலும் வைத்தேன். முதலில் இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தபோது அந்த இடத்தில் யாரும் சிரிக்கவில்லை.

எட்டாம் படி: பிள்ளைகளிடம் படித்துக் காட்டுவது

எல்லாப் படிகளிலும் நான் அதிகமாக நம்புவது இதைத்தான். இருபது பிள்ளைகள் வேண்டாம். ஐந்தாறு பேர் போதும். முடிந்தால் நீங்கள் படிக்காதீர்கள். வேறு யாரையாவது படிக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் உட்காருங்கள், ஏனென்றால் எழுதியவர் படிக்கும்போது எழுத்தில் இல்லாத சுவையைக் குரலால் சேர்த்துவிடுவார். கையில் கதையின் ஒரு படி இருக்கட்டும். பிள்ளைகள் நெளியும் வரியில் ஒரு கோடு, சிரிக்கும் வரியில் ஒரு புள்ளி, படிப்பவர் நாக்குத் தடுக்கும் இடத்தில் ஒரு வட்டம் போட்டுக்கொண்டே வாருங்கள்.

முடிந்ததும் 'கதை நல்லா இருந்துச்சா?' என்று கேட்காதீர்கள். எல்லோரும் ஆமாம் என்று ஒரே குரலில் சொல்வார்கள். அந்தப் பதில் பள்ளிக்கூடத்தில் பழகியது. பேசாமல் இருங்கள். அவர்களே ஏதாவது கேட்பார்கள், அந்தக் கேள்விதான் உங்களுக்கு வேண்டியது. மறுநாள் அவர்களில் ஒருவரை, கதையைக் கேட்காத இன்னொரு பிள்ளைக்குச் சொல்லச் சொல்லுங்கள். சொல்லும்போது விட்டுவிடுவதைத் தயங்காமல் வெட்டலாம். தானாகச் சேர்ப்பதைக் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள்.

தாத்தா போன பிறகு என் கதை முடிவில்லாமல்தான் இருந்தது. ஆடு சக்கரத்தைத் தின்றது, செல்வி அழுதாள் என்பதோடு நிறுத்தி ஒரு கிராம நூலகத்தில் படிக்கச் சொன்னேன். பந்தயத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ஒரு சிறுமி, "அந்த இன்னொரு சக்கரத்த என்ன பண்ணுனா?" என்றாள். பக்கத்தில் இருந்த பையன், "அதயும் ஆட்டுக்கே குடுத்துருப்பா, ஒத்தச் சக்கரத்த வச்சுக்கிட்டு என்ன பண்றது?" என்றான். "குடுக்கக் கூடாது," என்று மூன்றாவதாக ஒருவன் எழுந்து நின்றான், "அத உருட்டிக்கிட்டே ஓடணும். ஆடு தொரத்தும்." அறை முழுவதும் சிரித்தது. ஒரு மாதமாக எனக்குக் கிடைக்காத கதை ஒரே நிமிடத்தில் என் முன்னால் இருந்தது: ஒற்றைச் சக்கரத்தைக் கம்பால் உருட்டிக்கொண்டு செல்வி ஓடுகிறாள், கயிற்றை அறுத்துக்கொண்டு ஆடு துரத்துகிறது, பந்தயம் ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு நடுவே இருவரும் புகுந்து, எல்லையைத் தாண்டியும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள்.

இப்படி எல்லா முறையும் நடக்காது. பல முறை பிள்ளைகள் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போயிருக்கிறார்கள். அதுவும் ஒரு பதில்தான். அந்தக் கதையை மறுபடி இரண்டாம் படியிலிருந்து பார்க்க வேண்டும்.

ஒன்பதாம் படி: அனுப்புவதும் ஒப்பந்தமும்

சிறுவர் இதழ்களும் நூல் வெளியீட்டாளர்களும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வயதுக்கும் நீளத்துக்கும் முன்னுரிமை தருவார்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் இதழ் அறிவியல் சார்ந்தது. நேஷனல் புக் டிரஸ்ட் பல மொழிகளில் சிறுவர் நூல்களை வெளியிடுகிறது. ஸ்டோரிவீவரில் வெளியிடும் கதையை யாரும் பெயர் குறிப்பிட்டு எடுத்தாளவும் மொழிபெயர்க்கவும் அனுமதிக்கும் திறந்த உரிமத்தை ஏற்க வேண்டும். அனுப்பும் முன் அவர்களின் பத்து வெளியீடுகளையாவது படியுங்கள். படங்களை நீங்களே வரைந்தோ வரையச் சொல்லியோ அனுப்பத் தேவையில்லை; ஓவியரைப் பெரும்பாலும் வெளியீட்டாளரே தேர்ந்தெடுப்பார்.

ஒப்பந்தத்தை வாய்ப்பேச்சில் விடாதீர்கள். 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். அதில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் கொள்ளப்படும். எழுத்தில் திருத்தம் செய்யும் முன் உங்கள் ஒப்புதலைப் பெற வேண்டும் என்ற வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள். என் முந்தைய கதை ஒன்று அச்சில் வந்தபோது, 'ஆகவே பிள்ளைகளே' என்று தொடங்கும் ஒரு வரி கடைசியில் முளைத்திருந்தது. என்னிடம் யாரும் கேட்கவில்லை. அந்தப் புத்தகத்தைப் பிள்ளைகளிடம் கொடுக்கும்போது இன்றும் அந்த வரியில் என் கண் போய் நிற்கிறது.

பத்தாம் படி: மெய்ப்பு

மெய்ப்பு, அதாவது அச்சுக்கு முன் திருத்தம் பார்க்க அனுப்பப்படும் பக்கங்கள், வந்ததும் எழுத்துப் பிழைகளைப் பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். படமும் வரியும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றனவா என்று பாருங்கள். என் மெய்ப்பில், சக்கரம் தின்னப்பட்ட பிறகு வந்த பக்கத்தில் வண்டிக்கு இரண்டு சக்கரங்களும் இருந்தன. பக்கம் திரும்பும் இடங்கள் நீங்கள் வைத்தபடியே இருக்கின்றனவா என்று மாதிரிப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். வெளிர் நிற எழுத்தோ, படத்தின் அடர்ந்த பகுதி மேல் விழும் எழுத்தோ இருந்தால் மாற்றச் சொல்லுங்கள்.

பிறகு ஒவ்வொரு வரியின் இறுதியையும் பாருங்கள். தமிழ் அச்சில் நீண்ட சொற்கள் இணைப்புக்குறி இல்லாமலே வரி முடிவில் உடைக்கப்படுவது வழக்கம். பெரியவர்களின் கண் அதைத் தாண்டிப் போய்விடும், விரல் வைத்துப் படிக்கும் பிள்ளையின் கண் தாண்டாது. 'சக்க' என்று ஒரு வரி முடிந்து 'ரம்' என்று அடுத்த வரி தொடங்கினால், அந்தப் பிள்ளை அங்கே நின்று, 'சக்க' என்றால் என்ன என்று யோசிக்கும், ஆடு காத்துக்கொண்டிருக்கும். எங்கெல்லாம் சொல் உடைந்திருக்கிறதோ அங்கெல்லாம் சிவப்பு மையால் வட்டமிட்டு, முழுச் சொல்லையும் அடுத்த வரிக்கு இறக்கச் சொல்லி எழுதி, மெய்ப்பைத் திருப்பி அனுப்புங்கள்.